4 ஜிபி லெப்டொப், அடிக்கடி போற கரண்ட்: பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் எழுத எந்த எடிட்டர்?

மஸ்கெலியா_மழை (ஞாயிறு இரவு 8.50)

எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல்ல (உயர்தரத்துல) ஐ.சி.டி, அதாவது கணினிப் பாடம், செஞ்சேன். பாடத்துல பைதனும் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் படிச்சிருக்கேன், ஆனா பரீட்சைக்கு வெளிய ஒன்னும் செஞ்சது இல்ல. இப்பதான் முதல் முறையா உண்மையான ஒரு வேலை. எங்க தோட்டத்துப் பாடசாலையில படிச்ச பழைய மாணவங்க சேர்ந்து வருஷா வருஷம் கொஞ்சப் பிள்ளைங்களுக்கு உதவிப்பணம் குடுக்குறாங்க. அதுக்கு விண்ணப்பிக்கிற படிவத்த வெப்சைட்டா, தமிழ்ல, நான் செஞ்சி தாறேன்னு சொல்லிட்டேன்.

லெப்டொப் மாமா கொழும்புல இருந்து கொண்டுவந்து குடுத்தது. 4 ஜிபி ரேம், சுத்துற பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பேட்டரி செத்துருச்சு, வயர கழட்டின உடனே அணைஞ்சிடும். விஷுவல் ஸ்டுடியோ கோட்ங்கிற எடிட்டர போட்டிருக்கேன். ஒரு வீடியோவுல சொன்ன எக்ஸ்டென்ஷன் 20ஐயும் போட்டேன். குரோமையும், பிஎச்பிய லெப்டொப்லயே ஓட்டிப் பார்க்கிற ஸாம்பையும் சேர்த்துத் திறந்தா நான் அடிக்கிற எழுத்து கொஞ்ச நேரம் கழிச்சித்தான் திரையில வருது. நேத்து காத்து மழையில கரண்ட் போச்சு. படிவத்த சரிபார்க்கிற ஜாவாஸ்கிரிப்ட் பைல் ஒன்ன சப்லைம் டெக்ஸ்ட்ங்கிற வேற எடிட்டர்ல திறந்து பார்ப்போம்னு ஆரம்பிச்சிருந்தேன். எது சேவ் ஆச்சு எது ஆகலன்னு இன்னைக்குப் பகல் முழுக்கத் தேடினேன்.

எனக்கு ஒரு எடிட்டர் போதும். எதுன்னு சொல்லுங்க அண்ணன்மாரே, அக்காமாரே. டேட்டாவும் அளந்துதான் போடுறேன்.

கொட்டகலை_கோடு (ஞாயிறு இரவு 9.20)

தங்கச்சி, எடிட்டர மாத்துறதுக்கு முன்ன அந்த 20 எக்ஸ்டென்ஷனையும் கழட்டுங்க. விஷுவல் ஸ்டுடியோ கோட் எலக்ட்ரான்ல கட்டினது, அதாவது உள்ளுக்குள்ள ஒரு முழு குரோமியம் பிரவுசர் ஓடுது. பக்கத்துல குரோமையும் திறந்து வச்சா 4 ஜிபியில ரெண்டு பிரவுசர் ஓடுற மாதிரி. எக்ஸ்டென்ஷன்கள் அதுக்கும் மேல, தனி புரோசஸ்ல.

நான் வீட்டுல இருந்து வெளிநாட்டு ஆளுங்களுக்கு பிஎச்பி வேலைதான் செய்றேன். என்கிட்ட இருக்கிறது மூணே மூணு: பிஎச்பிக்கு இன்டெலிஃபென்ஸ், ஜாவாஸ்கிரிப்ட் பிழை பார்க்க ஈஎஸ்லின்ட், டிபக் பண்ண, அதாவது கோட வரி வரியா நிறுத்திப் பிழை தேட, எக்ஸ்டிபக்கோட சேர்றது ஒன்னு. சுருக்கமா அடிச்சத எச்டிஎம்எல்லா விரிச்சுத் தாற எம்மெட்டுக்கு ஒன்னும் போட வேண்டியதில்ல, அது உள்ளயே வருது. ஆச்சரியக்குறி அடிச்சி டேப் தட்டினா எச்டிஎம்எல் பக்கத்தோட முழு எலும்புக்கூடும் வரும். அதுல மொழி ஆங்கிலம்னு விழும். நம்ம பக்கம் தமிழ்ல இருக்கிறதால செட்டிங்ஸ்ல எம்மெட் வேரியபில்ஸ்னு தேடி அத தமிழுக்கு மாத்திக்குங்க. கண் தெரியாதவங்க பாவிக்கிற ஸ்கிரீன் ரீடர் அந்த ஒரு சொல்ல வச்சித்தான் எந்த மொழியில வாசிக்கிறதுன்னு முடிவு பண்ணுது.

இன்னும் ஒன்னு. பிஎச்பி எங்க இருக்குன்னு சொல்லிக் குடுக்காட்டி எடிட்டருக்கு செமிகோலன் விட்டதக்கூட காட்டத் தெரியாது. செட்டிங்ஸ்ல பிஎச்பி வேலிடேட்னு தேடுங்க, ஸாம்ப் போல்டருக்குள்ள பிஎச்பி போல்டர், அதுக்குள்ள இருக்கிற எக்ஸிய காட்டுங்க. அதுக்கு அப்புறம் சேவ் பண்ற ஒவ்வொரு தடவையும் பிழை உள்ள வரிக்குக் கீழ சிவப்புக் கோடு விழும்.

பதுளை_பென்குயின் (ஞாயிறு இரவு 10.05)

கொட்டகலை அண்ணன் சொன்னது சரி, ஆனா 4 ஜிபி மெஷினுக்கு எலக்ட்ரான் எதுக்குங்குறேன். கீனி இருக்கு. நோட்பேட் பிளஸ் பிளஸ் இருக்கு. ரெண்டுமே சின்டில்லாங்கிற அதே எழுத்துப்பெட்டிய வச்சிக் கட்டினது. சி, சி பிளஸ் பிளஸ்ல எழுதினதால கிளிக் பண்ணின கையோட திறக்கும். நோட்பேட் பிளஸ் பிளஸ் 2003ல இருந்து வருது, விண்டோஸுக்கு மட்டும். இறக்கினா சில எம்பி, பென்டிரைவ்ல வச்சே ஓட்டலாம்.

எடிட்டர் பின்னாடி ஒரு கம்பெனி இருந்தா பயப்படத் தேவையில்லன்னு நினைக்காதீங்க. வெப் வேலைக்கே செஞ்ச பிராக்கெட்ஸ அடோபி 2021 செப்டம்பர்ல கைவிட்டுச்சு. எலக்ட்ரானே ஆட்டம் எடிட்டருக்காகப் பிறந்ததுதான். அந்த ஆட்டத்த கிட்ஹப் 2022 டிசம்பர் 15ல மூடிருச்சு. ரெண்டையும் நான் பழகினேன். ரெண்டு தடவையும் கை மறுபடி புதுசா பழகணும்.

அதோட விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சது. லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்எஃப்சிஈ போட்டுப் பாருங்க தங்கச்சி, லெப்டொப்புக்கு மறுபிறவி.

கொட்டகலை_கோடு (ஞாயிறு இரவு 10.30)

பதுளை, படிவம் குடுக்கணும்னு நிக்கிற பிள்ளைக்கு இந்தக் கிழமை ஓஎஸ் மாத்துற வேலை வேணாம். அது ஒரு லீவு நாள்ல.

கீனி லேசு, ஒத்துக்குறேன். ஆனா புதுசா எழுதுறவங்களுக்கு எடிட்டர் கொஞ்சம் பேசணும். ஒரு ஃபங்ஷன் பேர அடிச்ச உடனே அது என்ன கேக்கும், என்ன திருப்பித் தரும்னு பக்கத்துலயே காட்டுறது, வேற பைல்ல இருக்கிற ஃபங்ஷனுக்கு ஒரே கிளிக்குல போறது, ஒரு பேர மாத்தினா எல்லா இடத்துலயும் மாத்துறது. முந்தி இதெல்லாம் வேணும்னா பெரிய ஐடிஈ, அதாவது எல்லா வசதியும் சேர்ந்த பெரிய எடிட்டர், வாங்கணும். 2016ல மைக்ரோசொஃப்ட் லாங்குவேஜ் சேர்வர் புரோட்டோகால வெளிய விட்டதோட அந்த நிலைமை போச்சு. மொழிய விளங்குற மூளை தனி, எழுதுற பெட்டி தனி. ஒரு மொழிக்கு ஒரு தடவை மூளை செஞ்சா விஷுவல் ஸ்டுடியோ கோட், நியோவிம், கேட்ங்கிற எடிட்டர்னு எல்லாத்துலயும் அதையே மாட்டிக்கலாம். அதனால இப்ப எடிட்டருக்கு எடிட்டர் வித்தியாசம் முந்தி மாதிரி இல்ல.

பொகவந்தலாவையில்_இருந்து (திங்கள் காலை 6.15)

கொழும்புல வேலை செய்றேன், ஆபீஸ்ல பிஎச்பிஸ்டோர்ம்ங்கிற ஐடிஈ குடுத்திருக்காங்க. பிஎச்பிக்கு அதுக்கு நிகர் இல்லன்னுதான் சொல்லுவேன். பழைய கோட ஆயிரம் பைல் இருந்தாலும் கலங்காம மாத்திக் குடுக்கும். ஆனா காசு. 4 ஜிபியில நினைச்சும் பார்க்காதீங்க, அதுக்கு 8 ஜிபியே கொஞ்சம் இறுக்கம்தான். அதே கம்பெனியோட வெப்ஸ்டோர்ம் 2024 ஒக்டோபர்ல இருந்து காசு பார்க்காத வேலைக்கு இலவசம், ஆனா அதுவும் அதே எடைதான்.

நான் எழுத வந்தது வேற. கரண்ட். 2022 மார்ச் கடைசியில நாட்டுக்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினப்போ நான் பொகவந்தலாவையில லயத்துலதான் இருந்தேன். அப்போ ஒவ்வொரு எடிட்டரும் கரண்ட் போனா என்ன செய்யும்னு பார்த்துப் பார்த்துப் படிச்சேன்.

விஷுவல் ஸ்டுடியோ கோட் சேவ் பண்ணாத எழுத்தையும் பின்னால வேற இடத்துல கொப்பி எடுத்துக்கிட்டே இருக்கும். திரும்பத் திறந்தா பேர் வைக்காத பைல்கூட அப்படியே நிக்கும். அது போதாதுன்னா ஓட்டோ சேவ போட்டு விடுங்க. கை நின்னு ஒரு செக்கன்ல பைல்லயே எழுதிரும். நோட்பேட் பிளஸ் பிளஸ்ல பேக்கப்னு ஒரு பக்கம் இருக்கு, நாமளா மாத்தாட்டி 7 செக்கனுக்கு ஒருக்கா கொப்பி எடுக்கும். டெர்மினல்ல (கட்டளை அடிக்கிற திரையில) ஓடுற விம் எடிட்டர் 200 எழுத்துக்கு ஒரு தடவை, இல்லாட்டி கை 4 செக்கன் நின்னா, ஸ்வாப் பைல்ங்கிற தனி பைல்ல எழுதும்.

ஆனா கேளுங்க தங்கச்சி, இதுல ஒன்னையும் முழுசா நம்பாதீங்க. சேவ் ஆச்சுன்னு எடிட்டர் சொல்லும்போது எழுத்து டிஸ்க்குல போய் உக்கார்ந்திருக்காது, விண்டோஸ் கையில வச்சிருக்கும். அந்த இடைவெளியில கரண்ட் போனா பைல் அதே அளவுல இருக்கும், திறந்தா உள்ள வெறும் நல் எழுத்தா, அதாவது பூச்சிய பைட்டா நிக்கும். எனக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ்ல அப்படி ஒரு பைல் போச்சு. அன்னையில இருந்து ஒரு சின்ன வேலை முடிஞ்ச உடனே கிட்ல கொமிட், அதாவது அந்த நிலையில உள்ள பைல்கள அப்படியே பதிஞ்சு வைக்கிறது. எடிட்டர் எதுவா இருந்தாலும் இத விடாதீங்க.

மஸ்கெலியா_மழை (திங்கள் மாலை 5.40)

எல்லாருக்கும் நன்றி. கொட்டகலை அண்ணன் சொன்ன மாதிரி 20ல 17 கழட்டினேன். உண்மையாவே வித்தியாசம் தெரியுது, எழுத்து கையோட வருது. ஓட்டோ சேவும் போட்டேன்.

அப்டேட்டுக்கு என்ன செய்றது? நேத்து போட்ட டேட்டாவுல பாதிய அதுவே குடிச்சிருச்சு.

பண்டாரவளை_ஐசிடி (திங்கள் இரவு 7.30)

மகள், செட்டிங்ஸில் அப்டேட் மோட் என்று தேடி மேனுவல் என்று வையுங்கள். எக்ஸ்டென்ஷன்களின் ஓட்டோ அப்டேட்டையும் நிறுத்துங்கள். இணைப்பு நன்றாக உள்ள இடத்திற்குப் போகும் நாளில் நீங்களாகவே புதுப்பித்துக் கொள்ளலாம். எக்ஸ்டென்ஷன்களை விஎஸ்ஐஎக்ஸ் கோப்பாக ஒருவர் இறக்கினால் பென்டிரைவில் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். எங்கள் பாடசாலையில் அப்படித்தான் செய்கிறோம்.

நான் ஐ.சி.டி ஆசிரியர். எங்கள் கணினி அறையில் பாதிக்கு மேல் விண்டோஸ் 7. அதற்கு விஷுவல் ஸ்டுடியோ கோட்டின் 1.70தான் கடைசிப் பதிப்பு, அதற்குப் பின் வந்தவை ஓடாது. ஆகவே பிள்ளைகளுக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ்தான். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. உயர்தரப் பாடத்திட்டத்தில் பைதனும் பிஎச்பியும் இருக்கின்றன, பரீட்சையில் அவற்றைத் தாளில் எழுத வேண்டும். முதல் தவணையில் எடிட்டர் முடித்துக் கொடுக்காமல் ஒவ்வொரு அடைப்புக்குறியையும் தானே மூடிப் பழகிய பிள்ளைக்கு, எங்கே திறந்தோம் எங்கே மூடினோம் என்பது கையிலேயே நிற்கிறது. பைதனுக்கு அதனுடனேயே வரும் ஐடில் என்ற எடிட்டரே போதும். இரண்டாம் வருடம் வேறு எடிட்டருக்குப் போகட்டும்.

தலவாக்கலை_விம் (திங்கள் இரவு 9.10)

விம்ம யாரும் ஒழுங்கா சொல்லலையே. 1991ல பிராம் மூலெனார் வெளியிட்டது, 2023 ஓகஸ்ட்ல அவர் காலமாகும் வரைக்கும் அவரேதான் பார்த்துக்கிட்டார். ஹொஸ்டிங் சேர்வருக்குள்ள எஸ்எஸ்எச்ல, அதாவது தூரத்துல இருந்தே கட்டளை அடிக்கிற வழியில, போனா விம் இல்லாட்டி அதுக்கு முந்தின விஐ அநேகமா அங்க இருக்கும். நம்ம சிக்னலுக்கு அது பெரிய விஷயம், பைல இறக்கி ஏத்த வேணாம், எழுத்து மட்டும்தான் லைன்ல போகுது.

தங்கச்சி செய்ற வேலைக்காக இதையும் சொல்றேன். விம்ம சும்மா திறந்தா முதல் பக்கத்துலயே உகண்டாவுல ஏழைப் பிள்ளைங்களுக்கு உதவுங்கன்னு இருக்கும். மூலெனார் எடிட்டருக்குக் காசு கேக்கல, விரும்பினா அந்தப் பிள்ளைங்க படிப்புக்குக் குடுங்கன்னார்.

பதுளை_பென்குயின் (திங்கள் இரவு 9.45)

விம் எனக்கும் பிடிக்கும், ஆனா இவங்க படிவம் தமிழ்ல. விம் ஓடுற டெர்மினல் ஒவ்வொரு எழுத்துக்கும் சம அகலத்துல ஒரு கட்டம் ஒதுக்குற சாதனம். நம்ம எழுத்து அதுக்குள்ள அடங்காது. 'கொ'ன்னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், கர்சர் நடுவுல எங்கயோ. வரிய அழிக்கப்போய் பாதி எழுத்த அழிச்சிருக்கேன். தமிழ் உள்ள பைலுக்கு விஷுவல் ஸ்டுடியோ கோட்தான் என் கண்ணுக்கு ஒழுங்கா இருக்கு, பிரவுசர் எப்படி எழுத்தக் கோக்குதோ அப்படியே கோக்குது. நேத்து எலக்ட்ரான் வேணாம்னு சொன்னவன் நான்தான். இந்த ஒரு விஷயத்துக்காக அத மாத்திக்கிறேன்.

மஸ்கெலியா_மழை (புதன் இரவு 8.05)

பெரிய சிக்கல். நேத்து பகல் கரண்ட் இல்லாததால டவுனுக்குப் போய் ஒரு கொமியூனிகேஷன் கடையில உக்கார்ந்தேன். அங்க எடிட்டர் ஒன்னும் இல்ல. கான்ஃபிக் பைல்ல இருந்த சங்கத்தோட பேர மட்டும் நோட்பேட்ல தமிழ்ல திருத்தினேன். சேவ் பண்ணும்போது ஏஎன்எஸ்ஐன்னு இருந்தா தமிழ் கேள்விக்குறியாப் போகும்னு எச்சரிக்கை வந்துச்சு, அதனால எல்லா மொழி எழுத்தையும் தாங்குற யூடிஎஃப் 8னு குடுத்தேன். வீட்டுல ஸாம்ப்ல எல்லாம் ஓடுது. ஹொஸ்டிங்ல ஏத்தினா லொகின் ஆகல. ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்னு வருது, கான்ஃபிக் பைல்ல முதலாவது வரியாம். முதல் வரியில பிஎச்பி ஆரம்பிக்கிற குறி மட்டும்தான் இருக்கு! அதுக்கு முன்னுக்கு ஒரு இடைவெளிகூட இல்ல. நாலு தடவை அழிச்சி எழுதினேன். நாளன்னைக்கு சங்கத்துக்காரங்களுக்குக் காட்டணும்.

கொட்டகலை_கோடு (புதன் இரவு 8.20)

தங்கச்சி, பயப்படாதீங்க. அந்த பைல விஷுவல் ஸ்டுடியோ கோட்ல திறந்து வலது பக்கம் ஆகக் கீழ உள்ள பட்டையில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. வெறும் யூடிஎஃப் 8ஆ, இல்ல பக்கத்துல வித் பொம்னு இருக்கா?

மஸ்கெலியா_மழை (புதன் இரவு 8.26)

வித் பொம்.

கொட்டகலை_கோடு (புதன் இரவு 8.50)

அதுதான். பழைய விண்டோஸ் நோட்பேட் யூடிஎஃப் 8ல சேவ் பண்ணும்போது பைலோட தலையில மூணு பைட் வைக்கும், அதுக்குப் பேர்தான் பொம். கண்ணுக்குத் தெரியாது, அழிக்கவும் சிக்காது, ஏன்னா நீங்க முதல் வரிய அழிச்சாலும் சேவ் பண்றப்போ எடிட்டர் அத திருப்பி வச்சிரும். பிஎச்பிக்கோ அது ஆரம்பிக்கிற குறிக்கு வெளிய இருக்கிற எதுவும் பக்கத்துல அச்சடிக்க வேண்டிய எழுத்து. மூணு பைட்ட பிரவுசருக்கு அனுப்பிருது. ஹெடர்ங்கிறது பக்கத்துக்கு முன்னாலயே போக வேண்டிய குறிப்பு, பக்கத்தோட உடல் போக ஆரம்பிச்ச பிறகு அத அனுப்ப ஏலாது. லொகின் ஆனவர நினைவு வைக்கிற செஷனும் வேற பக்கத்துக்கு அனுப்புற ரிடைரக்டும் ஹெடர்லதான் போகுது. லொகின் அங்கதான் உடையுது.

வீட்டுல ஏன் ஓடினதுன்னா, ஸாம்ப்போட பிஎச்பி ஐஎன்ஐல அவுட்புட் பஃபரிங் 4096ன்னு இருக்கும். முதல் 4096 பைட்ட உடனே விடாம கையில பிடிச்சி வைக்கும், அதுக்குள்ள ஹெடர் போயிரும். உங்க ஹொஸ்டிங்ல அது இல்ல.

செய்ய வேண்டியது: அந்தப் பட்டையில உள்ள எழுத்த கிளிக் பண்ணுங்க, சேவ் வித் என்கோடிங், யூடிஎஃப் 8. முடிஞ்சது, ஏத்துங்க. நோட்பேட் பிளஸ் பிளஸ்லன்னா என்கோடிங் மெனுவுல கன்வேர்ட் டு யூடிஎஃப் 8.

விண்டோஸ் 10ல 1903 பதிப்புல இருந்து நோட்பேட் பொம் இல்லாமதான் சேவ் பண்ணுது. கடையில இருந்தது அதுக்கு முந்தினதா இருக்கும்.

மஸ்கெலியா_மழை (புதன் இரவு 9.15)

அண்ணே, லொகின் ஆகுது!! அம்மாவ எழுப்பிக் காட்டினேன்.

பொகவந்தலாவையில்_இருந்து (வியாழன் காலை 6.30)

நல்லது தங்கச்சி. சங்கத்துல இருந்து வேர்ட்ல அடிச்ச விபரம் தந்தா கவனம். நம்ம பக்கம் பாதிப் பேர் இன்னும் பாமினிங்கிற பழைய ஃபொன்ட்லதான் அடிக்கிறாங்க. அது தமிழ் மாதிரித் தெரியும், உள்ள இருக்கிறது ஆங்கில எழுத்து. எடிட்டர்ல ஒட்டினா குழம்பின ஆங்கிலமாத்தான் விழும். அத யூனிகோடுக்கு மாத்திட்டு ஒட்டுங்க.

பேருக்கு எழுத்து எண்ணிக்கை வச்சிருந்தீங்கன்னா அதையும் பாருங்க. 'மலை'ய பிஎச்பியோட எஸ்டிஆர்லென் 9ன்னு சொல்லும், ஏன்னா அது பைட்ட எண்ணுது, ஒரு தமிழ் யூனிகோட் குறிக்கு மூணு பைட். எம்பி எஸ்டிஆர்லென் 3ன்னு சொல்லும், ம, ல, ஐகாரக் கொம்பு. நம்ம கண்ணுக்கு ரெண்டு எழுத்து, அத எண்ண கிராஃபீம் எஸ்டிஆர்லென். 30 எழுத்துக்கு மேல வேணாம்னு எஸ்டிஆர்லென்ல போட்டிருந்தா பத்துக் குறிக்கு மேல போற பிள்ளையோட பேர் தடுக்கப்படும். அப்பா பேரும் சேர்த்து எழுதுற பிள்ளைக்கு விண்ணப்பமே போகாது.

மஸ்கெலியா_மழை (வியாழன் மாலை 6.00)

எஸ்டிஆர்லென்தான் போட்டிருந்தேன் அண்ணே. மூணு இடத்துல. எல்லா பைல்லயும் ஒரே தடவையில தேடி மாத்தினேன்.

இப்ப முடிவா விஷுவல் ஸ்டுடியோ கோட்தான், மூணு எக்ஸ்டென்ஷனோட. ஓரத்துல கோட குட்டியா காட்டுற மினிமேப்பையும் மூடிட்டேன். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸ பென்டிரைவ்ல போட்டு வச்சிட்டேன், டவுனுக்குப் போனா இனி அதுதான். கிட்ல இன்னைக்கு மட்டும் 11 கொமிட்.

பண்டாரவளை_ஐசிடி (வியாழன் இரவு 8.40)

மகள், ஒரு வேண்டுகோள். இந்தப் பொம் விஷயத்தை நான் பலகையில் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. உங்கள் உடைந்த கோப்பையும் திருத்திய கோப்பையும் இரண்டாக வைத்திருந்தால், ஒரு சனிக்கிழமை வந்து எங்கள் கணினி அறையில் காட்டுவீர்களா? போக்குவரத்துச் செலவு எங்களுடையது.

மஸ்கெலியா_மழை (வியாழன் இரவு 9.05)

கட்டாயம் வாறேன் சேர். உடைஞ்சது கிட்ல பத்திரமா இருக்கு. அடுத்த சனி ஹட்டன்ல இருந்து காலை ரயில்ல வாறேன். அறையில ஒரு மெஷின்ல மட்டும் ஸாம்ப்போட அவுட்புட் பஃபரிங்க ஓஃப் பண்ணி வைங்க, அப்பதான் பிழை வரும்.